மூன்றாம் மாடி விற்பனைக்கு

மார்ச் 3, 1992. செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். வீடு விற்றுத் தரும் கம்பனிப் பெடியன் பத்து மணிக்கு வந்தான். கையில் அளவு நாடா, காலில் பளபளக்கும் சப்பாத்து. சப்பாத்தோடேயே சாமி அறைக்குள் போய்விட்டான். என் மனுசி பரமேஸ் கட்டிலில் இருந்தபடி கத்தினாள்: "இஞ்சேருங்கோ, அவனை ஒருக்கால் பாருங்கோ!" என் இங்கிலீஷில் இரண்டே சொல். பெடியன் கல்லாய் நின்றான். (நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அந்தக் காலத்து எட்டு, இப்போதைய பட்டத்துக்குச் சமம்.)

பிளாட்டின் பெருமையை விளக்கினேன். லண்டன் ஆர்ச்வே முழுக்கத் தேடினாலும் இந்தக் காற்று கிடையாது. பனி இல்லாத நாளில் கடல் தெரியும். அவன் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. லீஸ், அதாவது நிலக் குத்தகை, எத்தனை வருஷம் மிச்சம் என்று மட்டும் கேட்டான். ஐம்பத்தேழு. முகம் சுருங்கிப் போனது. இவ்வளவு குறைந்த லீஸுக்கு வங்கி கடன் தராதாம். கையில் காசோடு வருபவன் அகப்பட்டால்தான் உண்டு. வருஷம் போகப் போக விலையும் இறங்குமாம். லீஸ் முடிந்தால் வீடு நிலச் சொந்தக்காரனுக்கு.

பதினாலு வருஷமாகக் கலியாண வீடுகளில் "என்ர சொந்த வீடு" என்று சொல்லித் திரிந்த வாய் இது.

விற்காமல் முடியாது. கார்த்திகையில் பரமேசுக்குப் பாரிசவாதம்; ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் கதிரையில் வைத்து மூன்று மாடியும் தூக்கி வந்து விட்டார்கள். அன்றைக்கு ஏறியவள், இன்னும் இறங்கவில்லை. லிப்ட் கிடையாது. முருகன் கோவில் மேட்டுக்கு மேலே, பக்கத்தில்தான். அவளுக்கு அது கதிர்காமத்துத் தூரம்.

மகள் ரஜனி ஹவுன்ஸ்லோவில் தன் தெருவிலேயே ஒரு கீழ்வீடு பார்த்து வைத்திருக்கிறாள். வாசலில் படியே இல்லையாம். வீட்டுக்காரி ஏப்ரல் முடியும் வரை பொறுப்பாளாம்.

வாங்க: பால், பல்பு, பரமேசுக்குத் தடவ எண்ணெய்.

மார்ச் 14. சனி

வெயில்! காசோடு ஆள் வந்துவிட்டது. நம் ஆள். சிவநேசன், விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலை. கூட மனுசி கலா. தமையன்மார் உதவி, சீட்டுக்காசு, எல்லாம் கையில். வங்கியே வேண்டாம்.

நான் ரயில்வேயில் இருந்த கதையைச் சொன்னேன். டிக்கெட் பார்த்தவன் என்று சொன்னால் எடுபடாது. நொதேண் லைன் ரயில் முழுக்க என் கையசைவில் ஓடியது என்றேன். கலா சிரித்தாள். படி ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"அங்கிள், லீஸ் எவ்வளவு கிடக்கு?"

"ஐம்பத்தேழு." (உள்ளதைச் சொன்னேன். இதில் கூட்டினால் பாவம்.)

"அது காணும், போதும். அதுக்குப் பிறகு நான் கிடந்து என்ன செய்யிறது?"

"இவர் தன்ரை காலத்தை மட்டும்தான் பாப்பார்," என்றாள் கலா.

விலையைக் குறைத்துக் கேட்டான். ஒத்துக்கொண்டேன். நல்ல நாள் பார்த்து அடுத்த வெள்ளி கோவிலில் முற்பணம்.

அவர்கள் போன பிறகு பரமேஸ் சொன்னாள்: "அந்தப் பிள்ளை முழுகாமல் இருக்கிறாள். உங்களுக்குக் கண் தெரியாது." பிறகு அலுமாரியைத் திறக்கச் சொன்னாள். இறங்கும் நாளில் உடுத்த மாம்பழ நிறச் சேலையை எடுத்து வெளியே வைப்பித்தாள். நான் அயர்ன் பண்ணினேன். ஓரத்தில் கொஞ்சம் கருகிவிட்டது. அவளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 15. ஞாயிறு

முறைப்படி ஒரு காரியம் செய்தேன். நம் ஊரில் காணி விற்பதென்றால் பங்காளிக்கும் எல்லைக்காரனுக்கும் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றால் வழக்கு, கோடு கச்சேரி என்று இழுப்பான். என்னைப் பெற்ற ஐயா அப்படித்தான் செய்தார். லண்டன் வெள்ளைக்காரன் என்றாலும் எல்லைக்காரன் எல்லைக்காரன்தானே. பரமேஸ் சொல்லச் சொல்லக் குசினியில் வடை சுட்டேன். சுடச்சுடத் தட்டில் அடுக்கிக்கொண்டு கட்டிடத்தின் மற்ற ஐந்து கதவிலும் தட்டினேன். விற்கப் போகிறேன், உங்களுக்கு வேண்டுமானால் முதலில் உங்களுக்குத்தான், லீஸ் ஐம்பத்தேழு வருஷம் என்று விளக்கினேன்.

ஒருவருக்கும் லீஸ் கணக்குத் தெரியாது! வாங்கிய நாளோடு பத்திரத்தை மறந்தவர்கள். முதல் மாடி நேர்ஸ் அம்மா வடையைக் கடித்தபடி அப்படியே நின்றாள். அது முடிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டாள். சுவர், கதவு, தண்ணீர்க் குழாய், எல்லாம் நிலச் சொந்தக்காரனுக்கு, ஒரு ஆணி கூட நமக்கில்லை என்றேன். கீழ்வீட்டு ஹாரி கிழவர், பழைய பஸ் டிரைவர், கதிரையில் இருந்துவிட்டார். அப்போ என் மகனுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். வங்கிக் கடன் கிடைக்காது, விலை வருஷா வருஷம் இறங்கும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். பேராசிரியர் மாதிரி அரை மணி நேரம். தட்டு காலி.

மார்ச் 19. வியாழன்

காற்று. வாசலில் மூன்று புதுப் பலகைகள். விற்பனைக்கு, விற்பனைக்கு, விற்பனைக்கு. என்னுடையது நாலாவது.

மார்ச் 20. வெள்ளி

கோவிலுக்குப் போய்க் காத்திருந்தேன். வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம். பூசை முடிந்தது. சிவநேசன் வரவில்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்தான்.

"அங்கிள், கோவிக்கக் கூடாது."

"என்னடாப்பா?"

"உங்கட கீழ்வீட்டுக் கிழவர் விக்கிறாராம். உங்கட விலையிலையும் குறைச்சு. கலாவுக்குப் பிள்ளை வரப்போகுது. தள்ளுவண்டியோடை மூண்டு மாடி ஏற ஏலாது, அங்கிள்."

போனை வைத்தேன்.

ஹாரியிடம் ஓடினேன். என் பிளாட் விற்கும் வரை பொறுங்கள், உங்கள் வீட்டை நானே எடுக்கிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். கடற்கரையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாராம். பொறுக்க வயது இல்லை, அந்தப் பொடியனிடம் காசு இருக்கிறது என்றார். நீ சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும், நீ நல்ல மனிதன் என்றும் சொன்னார்.

பரமேசிடம் சிவநேசனைத் திட்டினேன். நன்றி கெட்டவன், அப்படி, இப்படி. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"பிள்ளைத்தாச்சி படி ஏறலாமோ? நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன்."

ஏப்ரல் 30. வியாழன்

மழை. ஹவுன்ஸ்லோ கீழ்வீடு கைமாறிவிட்டது. ரஜனி போனில் அழுதாள். "அப்பா, உங்களை ஆர் கதவு கதவாத் தட்டச் சொன்னது?" ஒருவரும் சொல்லவில்லை.

அவள் வீட்டிலும் படுக்கை அறைகள் மேல்மாடியில். கீழே ஒரே அறை, அதில் மாமியார்.

பிளாட்டைப் பார்க்க இந்த மாதம் ஒருவர் வந்தார். இரண்டாம் மாடி வரை ஏறித் திரும்பிவிட்டார்.

மே 16. சனி

பரமேஸ் இரண்டு நாளாய்ச் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. அந்த மாம்பழச் சேலையை உள்ளே வைக்கச் சொன்னாள். வைக்கும்போது கருகிய ஓரத்தைக் கண்டுவிட்டாள். அதை உள்பக்கமாய் மடித்துவிட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 28. ஞாயிறு

நல்ல வெயில். ஹாரியின் கீழ்வீட்டில் குடிபுகும் பால் காய்ச்சல். சிவநேசன் நேரே வந்து காலில் விழாத குறையாக அழைத்தான். மூத்த ஆள் என்று என்னைக் கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பித்தான். பால் பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் "அன்ரி வரேல்லையோ?" என்று கேட்டார். கொஞ்சம் சளி, தடிமன் என்றேன்.

கலா விடவில்லை. பெரிய வயிற்றோடு, பாற்சோற்றுக் கிண்ணத்தோடு, மூன்று மாடியும் ஏறி வந்தாள். சிவநேசன் பின்னால் கத்திக்கொண்டே வந்தான்.

"நில்லடியப்பா! நான் கொண்டு போறன்!"

"நீங்கள் குடுத்தால் அன்ரி வாங்க மாட்டா. நான்தான் குடுக்க வேணும்."

பரமேஸ் வாங்கினாள். இரண்டு நாளைச் சாப்பாட்டை ஒன்றாய்ச் சாப்பிடுபவள் மாதிரிச் சாப்பிட்டாள். கலாவின் வீங்கிய காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஏலும் கையால் பிடித்துவிட்டாள்.

"இனி ஏறி வராதை, பிள்ளை."

"அப்ப உங்களை எப்பிடிப் பாக்கிறது, அன்ரி?"

பரமேஸ் அவளின் மற்றக் காலையும் எடுத்து மடியில் வைத்தாள்.

அவர்கள் இறங்கிய பிறகு, கதவுக்கு வெளியே கூட்டிப் போகச் சொன்னாள். தோளில் தாங்கிக் கொண்டு வந்து மேற்படியில் இருத்தினேன். கீழேயிருந்து சிரிப்பு, தட்டுச் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம். அவள் இருந்தபடியே நகர்ந்து ஒரு படி இறங்கினாள். இன்னொன்று. நான் கீழ்ப்படியில் நின்று பிடித்துக்கொண்டேன். மூன்றாவதில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"காணும்," என்றாள். மூச்சு வாங்கியது. "கீழை வீடு எப்பிடி இருக்கு? கூட்டாமல் சொல்லுங்கோ."

சொல்வதற்கு எத்தனையோ வந்தது வாயில். கம்பளம், பூந்தோட்டம், ராசா வீட்டு ஜன்னல்.

"எங்கடை மாதிரித்தான், பரமேஸ். அதே அறை, அதே குசினி. படி மட்டும் இல்லை."