பழைய பதிலே வருகிறது

ஷார்ஜா,
செவ்வாய்க்கிழமை.

அன்பு அப்பாவுக்கு மாலா எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகம் அறியத்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் ஆபீஸில் சின்னக் குளறுபடி. எல்லோருடைய ஃபைல்களும் இருக்கும் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 'இதை அழி' என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்கும். பதில் தாமதமானால் மறுபடி கேட்கும். ஏற்கெனவே செய்தது நினைவிருந்தால், சர்வர் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே அனுப்பிவிடும். நான் அவசரப்பட்டு சர்வரை அணைத்து மறுபடி போட்டதில் அந்த நினைவு போய்விட்டது. பழைய ஃபைலை முன்பே அழித்திருந்தும், மறுபடி வந்த கேள்வியைப் புதிதென்று எண்ணி, அதே பெயரில் ஒருவர் அப்போதுதான் வைத்திருந்த புது ஃபைலையும் அழித்துவிட்டது. நகல் இருந்ததால் மீட்டுவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

போனில் எத்தனை முறை கேட்டாலும், "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறீர்கள். பெரிய மார்க்கெட்டில் மூச்சு வாங்கி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்களாமே? பக்கத்து வீட்டு ராஜவேல் அண்ணன் சொன்னார். எனக்கு ஊறுகாய் போட நார்த்தங்காய் தேடி இனி அலைய வேண்டாம். அண்ணனோடு போய் டாக்டரைப் பாருங்கள்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. மறுபடியும் கேட்கிறாளே என்று பழைய பதிலையே அனுப்பாதீர்கள் அப்பா. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

மாலா