நாலு பத்தா, நாலரையா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே அம்மா, பிள்ளைகள், என் வீட்டுக்காரி எல்லோரும் சுகம். உன் கால்வலி எப்படி இருக்கிறது? அந்தக் குளிரில் காலுறை போடாமல் வார்டில் நடக்காதே. நர்ஸுக்கு மெக்கானிக் வைத்தியம் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் நிஜமாகவே மலைக்கு வந்து உன்னோடு இருக்கப் போகிறாரா, இல்லை இந்தத் தடவையும் வாய்ப்பந்தல்தானா என்று கவனித்துச் சொல்லச் சொல்லியிருந்தாய். ஐந்து வருஷத்துக்கு அங்கேயே இருக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீ மேலே அவர் கீழே என்று கிடக்க முடியாதுதான். அவர் வரமாட்டார் என்றால் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வேலைக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன். வீட்டில் சீனி டப்பா இடம் மாறினாலே யார் கை பட்டது என்று விசாரிக்கிறவன் நான். எனக்கு இது தனி வேலையே இல்லை.

முதலில் டயர். மலைப்பாதையில் கல் முட்டும் என்று பிக்கப்புக்குப் பெரிய டயராக மாட்டிக்கொண்டு வந்தார். "பாத்தியா மாப்ள, வண்டி மலைக்கு ரெடி" என்று சக்கரத்தை ஓர் உதை உதைத்துக் காட்டினார். நான் சிரித்து வைத்தேன், நம்பவில்லை. டயரை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். லாரி ஆபீஸில் பாதிப் பேர் வண்டி எடுப்பாக இருக்கட்டும் என்று மாட்டியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் மலைக்கா போகிறார்கள்?

ஆனால் பழைய வண்டிக்குப் பெரிய டயர் போட்டால் சும்மா விடாது. சக்கரம் பெரிதானதால் இன்ஜினுக்குப் பாரம் கூடிவிட்டது. பாலத்து மேட்டிலேயே லோடோடு முக்கி முனகி, இரண்டாம் கியருக்கு இறங்கினால்தான் ஏறுகிறது. கடைசியில் என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார். இனி இவர் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஏன் என்று உனக்குப் புரிய வேண்டும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி. பின் ஆக்சிலுக்குள்ளே கிரவுன், பினியன் என்று இரண்டு பல்சக்கரங்கள் ஜோடியாக இருக்கும். பினியன் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் கணக்கு. பழைய ஜோடி ஏறக்குறைய மூணேமுக்கால். இந்த டயருக்கு அது பற்றாது. கடையில் கிடைப்பது இரண்டு. நாலு பத்து என்று நாங்கள் சொல்கிற நாலு புள்ளி ஒன்றைப் போட்டால் டயர் மாற்றுவதற்கு முன்பு வண்டி எப்படி இழுத்ததோ அப்படி இழுக்கும், துறைமுக ரோட்டில் பழையபடி லோடு அடிக்கலாம். நாலரை போட்டால் பாரத்தோடு மலை ஏறும். ஆனால் நேர் ரோட்டில் இன்ஜின் கத்தும், டீசலைக் குடிக்கும், துறைமுக லோடுக்குக் கட்டுப்படியாகாது. ஆக அத்தான் எதைக் கேட்கிறாரோ அங்கேதான் அவர் மனசு இருக்கிறது.

அவர் நாலு பத்து கேட்டார்.

போச்சுடா என்று நினைத்தேன். முகத்தில் காட்டிக்கொள்ளாமல், மலைக்கு நாலரைதானே நல்லது என்றேன். "எதுக்கும் இருக்கட்டும் மாப்ள, ரோட்லயும் ஓடணும்ல" என்றார். எந்த ரோடு என்று கேட்டேன். அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். இருமல் போன மழைக்கே போய்விட்டது.

அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரிதான் தடுத்தாள். "அவசரப்பட்டு அண்ணி வயித்துல நெருப்பக் கொட்டாதீங்க, சாமான் வர வரைக்கும் பொறுங்க" என்றாள். பொறுத்தேன். மறுவாரம் அத்தானே வந்து, நாலு பத்து வேண்டாம், நாலரையே போடு என்று ஒற்றைக் காலில் நின்றார். சந்தோஷப்பட வேண்டியதுதானே என்கிறாய். ஒரு வாரத்தில் மனசு மாறுகிறவர் அடுத்த வாரமும் மாறமாட்டார் என்று என்ன நிச்சயம்? உனக்காகப் போடுகிறாரா, என் கண்ணுக்காகப் போடுகிறாரா?

சரி, ஆக்சிலைப் பிரித்து வேலையை ஆரம்பித்தேன். பழைய ஜோடியை எடுத்து ஓரமாகப் போட்டேன். இந்த மாதிரிச் சாமானை வழக்கமாகப் பழைய இரும்புக்குத்தான் தள்ளுவோம். அத்தான் அதைக் குனிந்து எடுத்தார். டீசலில் கழுவினார். பல்லுக்குப் பல் கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, சணலால் கட்டினார். பல்லும் பல்லும் சரியாகப் பதிவதற்கு உள்ளே மெல்லிய தகடுகள் வைத்திருப்போம், அதையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார். தகடு வரைக்கும் கேட்கிறவர் ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளவில்லை, அக்கா. பழைய டயரோடு திரும்ப மாட்டுவதற்குத்தான். "உன் அலமாரியில இருக்கட்டும் மாப்ள. அக்காகிட்ட சொல்லாத" என்றார்.

இதுவரை எழுதிவிட்டு, தபாலில் போட மனசு வராமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இனி வருவது இன்று எழுதுவது.

நேற்று வண்டியை முடித்துக் கொடுக்கிற வேளையில் கேட்டே விட்டேன். மலைக்கு வருகிறேன் என்று எங்களையெல்லாம் நம்பவைத்துவிட்டு, இறங்கி ஓட வழியை என் அலமாரியிலேயே வைத்திருக்கிறீர்களே, இது நியாயமா என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அத்தான் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க அக்காவுக்கு அந்தக் குளிரு ஒத்துக்கலன்னு வச்சுக்கோ. கால் வலிக்குதுன்னு உனக்கு எழுதுறா, எனக்கு எழுத மாட்டேங்குறா. நான் வண்டிய மலைக்குன்னே மாத்திட்டு வந்து நின்னா, அப்புறம் எந்தக் காலத்துலயும் போகலாம்னு வாயத் திறக்க மாட்டா. அவ இறங்கலாம்னு சொல்ற அன்னிக்கு நான் முழிச்சிட்டு நிக்கக் கூடாதுல்ல" என்றார். சொல்லிவிட்டு, போல்ட்டை இறுக்கினாயா என்று சக்கரத்துப் பக்கம் போய்விட்டார்.

நான் இதை நம்ப வேண்டுமா, அக்கா? நாலு பத்து கேட்டவரும் இவர்தான். தன் பயத்தை உன் கால்வலி மேல் ஏற்றிச் சொல்கிறாரோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். அதே சமயம் உன் கால்வலி எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும் என்றும் யோசித்தேன். என் வீட்டுக்காரியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாரா வாரம் கேட்டாராம். என்னிடம் கேட்கப் பயமாம். இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது. என் சந்தேகப் புத்தியால் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். காலையில் உன் சாமான்களை மூட்டை கட்டி வைக்கும்போது, அவர் தார்ப்பாய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அந்தப் பழைய ஜோடியைத் தகடுகளோடு உன் தையல் மெஷின் பெட்டிக்குள், அடியில், போர்வைக்குக் கீழே வைத்து மூடிவிட்டேன். என் அலமாரியில் இருப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதன் இடத்தில் அதே துணியில் ஓர் உடைந்த பினியனைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் புறப்படுகிறார். அதற்குள் இது உன் கையில் கிடைத்துவிடும். பெட்டி வந்ததும் அவர் வண்டியைக் கழுவுகிற சமயமாகப் பார்த்து, அதை எடுத்து உன் பொறுப்பில் வைத்துக்கொள். இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் என்னிடம் வருவார், நான் உன்னைக் கேட்கச் சொல்வேன். உனக்குத் தோன்றினால் நீ யாரையும் கேட்க வேண்டாம். வெளியே எடுத்து வை, அவருக்குப் புரியும். ஆஸ்பத்திரியில் கையெழுத்தைப் போடுவதா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன்.

இருவரும் நன்றாக இருங்கள். அந்தத் துணிமூட்டை பார்க்கத்தான் சிறியது, நல்ல கனம். உன் காலை வைத்துக்கொண்டு தனியாகத் தூக்காதே அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி