வாசலில் சொன்ன சலாம்

ஞாயிறு இரவு, ரொம்சோஸில் என் வீடு.

"வாப்பா, அந்த மனுசனுக்கு ஏதும் நடந்திருக்குமோ?" என்று மகள் இன்று போனில் கேட்டாள்.

வட சீனாவில் அவளும் மருமகனும் இருக்கும் ஊருக்கு நான் போயிருந்தபோது, எட்டு நாளுக்கு முந்திய சனிக்கிழமை, குடும்பமாக ஹலால் சாப்பாடு தேடி அலைந்தோம். ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடையொன்றின் பச்சைப் பலகை தெரிந்தது. அரபெழுத்து இருந்த இடத்தில் புதுப் பெயின்ட் பூசியிருந்தார்கள். புது ஊரில் சலாம் சொன்னால் கதவு திறக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். கடை வாசலில் நின்று, வகுப்பறைக் குரலிலேயே சலாம் சொன்னேன்.

உள்ளே எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா, இஞ்ச சத்தமாச் சொல்லப்படா, மார்க்கத்த வெளியில காட்டினா பொலிஸ் வரும்," என்றார் மருமகன்.

கடைக்காரர் அடுப்பை அணைத்தார். எங்களை வெளியே விட்டுக் கதவை இழுக்கும்போது, உதடு அசையாமல் பதில் சலாம் சொன்னார். மறுநாள் போனோம். கடை பூட்டியிருந்தது, பலகையையும் காணவில்லை.

தெரியாத வாசலில் நின்றால், சலாத்தை முதலில் மெல்லச் சொல்லிப் பார்.