நான் வெட்டி எறிந்த கைப்பிடி நாடா

அங்கிள்,

காலையில் சந்தனம் குழைத்தேன். ஆயுத பூஜை நாள்காட்டியில் போன வாரமே முடிந்துவிட்டது. இங்கே எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமை பார்த்துத்தானே வருகிறது. கார்களுக்குப் பொட்டு வைக்கலாமென்று கராஜைத் திறந்தால், உங்கள் பந்தய சைக்கிள் சாய்ந்திருந்த சுவர் காலியாக இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பாதி அழுகை நீங்கள் இல்லாததற்கு. மீதி, போன வருடம் இதே பூஜையன்று நான் பார்த்து வைத்த வேலைக்கு.

நியூ ஜெர்சியில் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக் கறுப்பின முதியவர், எங்கள் வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப் போடுகிறவர் என்ற அளவில்தான் உங்களைத் தெரியும். தெருவே உங்களை மிஸ்டர் என்றது. நான் மட்டும் அங்கிள் என்றேன்; உங்களுக்கு அது பிடித்திருந்தது. இளவயதில் நீங்கள் சைக்கிள் சாம்பியன், இந்த ஊர்ப் பந்தயத் தளத்தில் பட்டம் வென்ற முதல் கறுப்பர் என்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோதுதான் வெளியே வந்தது. டவுன் லைப்ரரியில் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறார்கள், அதுவரை நனையாமல் வைத்துக்கொள் என்று சைக்கிளை எங்கள் கராஜில் விட்டீர்கள்.

நனையாமல் வைத்துக்கொள் என்று சொன்னதை நான் குளிப்பாட்டி வைத்தேன்.

ஆயுத பூஜையன்று வீட்டில் சக்கரமுள்ள எதுவும் அழுக்காக நிற்கலாமா? பாத்திர சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். கைப்பிடியில் சுற்றியிருந்த துணி நாடா மக்கிப்போயிருந்தது. அதில் புளிக்கரைசல் நிறத்தில் ஒரு கறை. கிரீஸ் என்று நினைத்தேன். கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் புது நாடா சுற்றினேன். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு டெக்ஸ்ட் பண்ணேன்" என்றார் என் கணவர். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று அவர் வாயை அடைத்தேன். சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சை, ஒன்றும் குறையில்லை. திங்கட்கிழமை குப்பை வண்டி வந்து போன பிறகு, பெருமையாக உங்களைக் கூப்பிட்டேன்.

கைப்பிடியைத் தடவிப் பார்த்தீர்கள். நாடா எங்கே என்று மெதுவாகக் கேட்டீர்கள். சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகுதான் மற்றதைச் சொன்னீர்கள். பட்டம் வென்ற அந்தப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இரண்டு பேர் சேர்ந்து உங்களைக் கம்பித் தடுப்போடு நெருக்கியிருக்கிறார்கள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் நாடாவில் ஊறியும் பிடியை விடாமல் நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். மறுநாள் பத்திரிகையில் இரண்டாவதாக வந்தவரின் படம் வந்தது. உங்கள் பெயர்கூட இல்லை. அதனால்தான் அந்த நாடாவை நீங்கள் மாற்றவே இல்லை.

அந்தக் குங்குமத்தையாவது துடைத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். தடுத்தீர்கள். இதை எதற்கு வைத்தாய் என்று கேட்டீர்கள். மரியாதைக்கு என்றேன்.

"இந்த சைக்கிளுக்கு இதுவரை யாரும் மரியாதை செய்ததில்லை. இருக்கட்டும்" என்றீர்கள். நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வசந்தத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். சைக்கிள் லைப்ரரிக்குப் போனது. அதன் பக்கத்தில் வைக்கும் குறிப்பை எழுத நேற்று என்னை அழைத்திருந்தார்கள். அங்கிருக்கும் பெண்மணி நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, நாடா காலப்போக்கில் தொலைந்துவிட்டது என்று எழுதினால் போதும், உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் எனக்கும் அதுவே போதும் என்றுதான் இருந்தது.

பிறகு வேண்டாம் என்றேன். நடந்ததை மறைத்து உங்களைப் பற்றி எழுதும் வேலையை அந்தப் பத்திரிகை ஒருமுறை செய்துவிட்டது. இரண்டாம் முறை என் கையால் நடக்க வேண்டாம். இவரது ரத்தம் படிந்த நாடாவை, என்னவென்று கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரி வெட்டி எறிந்தாள் என்று, என் பெயரையும் போட்டு எழுத வைத்தேன்.

இனி சனிக்கிழமைகளில் அங்கே போய் நிற்கப் போகிறேன். என் ஆங்கிலம் கூட்டத்தைக் கண்டால் தடுமாறும், தடுமாறட்டும். அந்தக் கறையைத் தொட்டவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான், அங்கிள். யார் வந்து கேட்டாலும், புது நாடாவின்மேல் விரலை வைத்து, இங்கேதான் இருந்தது என்று காட்டுவேன்.