அவரைப் பந்தலில் இறங்கிய வெட்டுக்கிளிகள்

மதினி, இன்று காலை பேத்தி ஒரு புள்ளி வெட்டுக்கிளியை டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தாள். திறந்ததும் அது மஞ்சள் நுரை கக்கியது. அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. யாரிடம் சொல்ல? நீங்கள்தான் போய்விட்டீர்களே. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வாக்கப்பட்டு நீங்கள் போடிக்கு வந்த வருஷம் அது. வீட்டுக்குப் பின்னால் கிடந்த கல்லுமேட்டைக் கொத்தி அவரைப் பந்தல் போட்டீர்கள். என் ஆத்தாவுக்கோ அங்கே மாட்டுக்கொட்டகை கட்ட ஆசை. "பொங்கக் கொழம்புக்கு அதுல காயி வெளைஞ்சா பாப்போம். இல்லேன்னா கொட்டகைதான்" என்று கெடு வைத்துவிட்டாள்.  குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தீர்கள். மார்கழியில் பந்தல் பூத்துப் பிஞ்சும் விட்டது.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் ஏலமலைச் சரிவிலிருந்து இந்த வெட்டுக்கிளிகள் கூட்டமாய் இறங்கின. அடேயப்பா! தெருவே தட்டும் தகரமுமாகக் கிளம்பியது. நானும் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு வெளுத்தேன். பயமா? சத்தியமாக இல்லை, எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு தோட்டத்தில் தட்டினால் அடுத்த தோட்டத்தில் போய் உட்காரும். அங்கே தட்டினால் அதற்கடுத்தது. அப்படியே நம் பந்தலுக்கும் வந்துவிட்டன. நான் கரண்டியை ஓங்க, நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"தட்டாத தாயி."

"என்ன மதினி, பந்தல் போயிருமே!"

"இங்க தட்டுனா எங்க போகும்? கீரைக்கார அக்கா வீட்டுக்குத்தான?"

தெருவின் கடைசி வீடு அது. புருஷனை இழந்த அந்த அக்கா கீரை விற்றுத்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

"இங்கனயே கெடக்கட்டும். பனியில வெறைச்சுப்போகும். விடியவும் எல்லாரும் சாக்கு கொண்டாங்க, அள்ளிப்புடுவோம்" என்று தெருக்காரர்களிடம் சொன்னீர்கள்.  எனக்கு அழுகை வந்தது, உங்கள் மேல் கோபமும் வந்தது.

விடியலில் தெரு மொத்தமும் சாக்கோடு நின்றது. பனியில் அசையாமல் தொங்கியவற்றைக் காய் பறிப்பது போலப் பறித்தோம். கீரைக்கார அக்கா இரண்டு கையாலும் அள்ளினாள். "ஏ மதினி, இங்க பாருங்க! இங்க பாருங்க!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அண்ணன் குழி வெட்டிச் சாக்குகளைப் புதைத்தான். வெயில் ஏறும்போது அக்காவின் கீரைப் பாத்தி பச்சைப்பசேலென்று இருந்தது. நம் பந்தலில் வெறும் தண்டுதான் மிச்சம்.

"கொட்டகைய கட்டிக்கங்க அத்தை" என்றீர்கள், தலை நிமிராமல்.

ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகினாள். மண்வெட்டியை எடுத்துக் கொத்தத் தொடங்கினாள். கொட்டகைக் கால் ஊன்றத்தான் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? வெரசா அவர வெதையக் கொண்டா" என்று உங்களை அதட்டினாள்.

அடுப்படிக்கு நீங்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, மதினி! கண்ணீரும் சிரிப்புமாக, சேலை தடுக்கத் தடுக்க ஓடினீர்கள். இந்த வயதிலும் ஏதாவது கைவிட்டுப் போய் நான் சோர்ந்து உட்கார்ந்தால், அந்த ஓட்டம்தான் என்னை எழுப்பிவிடுகிறது.