மண்டபத்து வாழை

காட்டுப்பாக்கம்
13.6.1991

அன்புத் தங்கை சுசீலாவுக்கு அண்ணன் வேலுசாமி எழுதிக்கொண்டது. இங்கு நலம்.

காய்ச்சலில் படுத்துவிட்டதால் ராணி கல்யாணத்துக்கு வந்து தாய்மாமன் மாலை போட முடியவில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே, சீர் வீடு தேடி வரும்.

ஒரு சின்ன விஷயம். விவசாய மோட்டாருக்கு சர்க்கார் இலவசக் கரண்ட் கொடுக்கிறதல்லவா? அந்தக் கரண்டில் நான் கிணற்றுத் தண்ணீரை இறைத்து லாரிக்கு விற்கிறேனாம். எவனோ வயிற்றெரிச்சல் பிடித்தவன் மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டான். இருபத்தைந்தாம் தேதி கரண்ட் ஆபீஸிலிருந்து பார்வையிட வருகிறார்கள். நிலம் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. ‘இங்கே வாழை சாகுபடி நடக்கிறது’ என்று எழுதிய பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயும் கையெழுத்துப் போட வேண்டும். படித்துக்கொண்டிருக்காதே, போட்டு அனுப்பு. கனெக்‌ஷன் போனால் உன் அண்ணன் நடுத்தெருவில்தான்.

ஆசிகளுடன்,
வேலுசாமி

ஆவடி குவார்ட்டர்ஸ்
17.6.1991

அண்ணனுக்கு சுசீலாவின் வணக்கம். காய்ச்சல் தேவலையா?

பேப்பரைப் படித்தேன். நேற்று நேரிலும் வந்தேன். நீங்கள் லாரியோடு குமணன்சாவடி போயிருந்தீர்கள்.

உங்கள் சாகுபடியைப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றி நாலே நாலு வாழை, தாருக்குக் குச்சி முட்டு வேறு. ஒன்றைத் தொட்டேன், சாய்ந்துவிட்டது. அடியில் வேர் இல்லை, அரிவாள் வெட்டுதான். தண்டில் சீரியல் பல்பு ஒயர் சுற்றியிருந்தது. கல்யாண மண்டபத்துக்கு லைட்டு போட்ட கடைக்காரன் கோதண்டம் ஒரு வாரமாக, “இன்னாம்மா, என் பல்பு செட்டு எங்க கீது?” என்று என் உயிரை எடுக்கிறான். நான் பாவி, சம்பந்தி வீட்டாரைச் சந்தேகப்பட்டேன்! மண்டபத்து வாட்ச்மேனைக் கேட்டேன். “பொண்ணோட மாமாதாம்மா, மறுநாள் காலைல வண்டி வச்சி வாசல் வாழையெல்லாம் அள்ளிக்கினு போனாரு” என்றான்.

நல்ல காய்ச்சல் அண்ணா.

சுசீலா

காட்டுப்பாக்கம்
19.6.1991

சுசீலாவுக்கு,

குப்பைக்குப் போகிற வாழைக்கு இத்தனை பேச்சா? கல்யாணத்தன்று நான்கு நடை லாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பிழைப்பு முக்கியமா, மாலை முக்கியமா? கையெழுத்து வராவிட்டால் உனக்குப் பிறந்த வீடு இல்லை.

வேலுசாமி

ஆவடி
21.6.1991

வேலுசாமி அவர்களுக்கு,

முகூர்த்த நேரத்தில் ராணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை போட வராத மாமன், வாசலில் கட்டிய வாழையை அறுக்க வந்தீர்கள். தூ!

பேப்பரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. வருகிற அதிகாரி என்னைக் கேட்டால் பார்த்ததைச் சொல்வேன்.

பிறந்த வீடு இல்லை என்றீர்கள், சரி. சீரும் வேண்டாம். கோதண்டத்தின் பல்பு செட்டை மட்டும் அவன் கடையில் கொடுத்துவிடுங்கள். அவன் கல்யாணத்துக்கு வந்தவன்.

சுசீலா வரதன்