பாட்டுப் புத்தகம் பிடித்தோரெல்லாம் படித்தோராகக் கணக்கிடப்பட்டது குறித்து

அனுப்புநர்:
ஈ. கனகதாஸ், பி.ஏ., எல்.டி.,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
கோணத்துவிளை,
பாறசாலை வழி,
நெய்யாற்றின்கரை தாலுகா.

பெறுநர்:
முதியோர் கல்விச் சிறப்பு அதிகாரி அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: கோணத்துவிளை முதியோர் வகுப்பு மூடப்பட்டது – மீண்டும் திறக்க அனுமதி கோருதல்.

பார்வை: தங்கள் உத்தரவு, நாள் 10-1-1955.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ச் சபை ஆலயத்தை அடுத்த ஓலைக் கொட்டகையில், கடந்த ஜூன் முதல் ஒரு முதியோர் வகுப்பை ஊதியமின்றி நடத்திவந்தேன். படித்தவர்கள் முப்பத்தொருவர். தங்கள் துறை ஓர் அனுமதிக் கடிதமும் ஒரு கரும்பலகையும் தந்திருந்தது. சென்ற மாதம் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. பலகையைத் தலையில் சுமந்து சென்ற ஊழியர் மிகவும் வருந்தினார். துறையில் வருந்திய ஒரே நபர் என்பதால் அவரைக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறேன்.

2. உத்தரவில் கண்ட முதற்காரணம், இவ்வூரில் எழுத்தறியாதவர் இல்லை என்பது. இச்செய்தி ஊருக்கே புதிது. விசாரித்ததில், துறை அனுப்பிய கணக்கெடுப்பாளர் 28-11-1954 ஞாயிற்றுக்கிழமை காலை இங்கு வந்ததும், வீடுவீடாக நடப்பது சிரமம் என்று கருதி ஆலய வாசலில் நின்றபடியே கணக்கெடுத்ததும் தெரியவந்தன. உள்ளே நூற்றுப்பன்னிரண்டு பேர் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தனர். நூற்றுப்பன்னிரண்டு பேரும் சரளமாக வாசிப்பவர் என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

3. எங்கள் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆலயத்துக்கு வெறுங்கையோடு வருவது எங்களிடையே மரியாதைக் குறைவு. மணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய்வீட்டார் வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும் கொடுத்தனுப்புவர். அவளுக்கு வாசிக்கத் தெரியுமா என்பது பேச்சிலேயே வராது. பாட்டுகள் குழந்தைப் பருவம் முதல் மனப்பாடம். புத்தகம் கைக்கு மட்டும். அன்று சத்தியபாய் என்பவரும் அவர் அருகில் நின்ற ஜெயபாயும் பேசிக்கொண்டதைச் சாட்சியமாக அப்படியே தருகிறேன். அட்டையிலுள்ள சிலுவையைப் பார்த்து ஜெயபாய், “எக்கா, ஒங்க பொஸ்தகம் தலகீழா இருக்கு” என்றார். சத்தியபாய், “இருக்கட்டும் மக்கா, பாட்டு நேரேதானே வருது” என்றார். இவ்விருவரும் தங்கள் பட்டியலில் கற்றோர்.

4. கோயிலில் புத்தகம் பிடிக்கும் வழக்கம் இல்லாத காரணத்தால், இவ்வூர் இந்துக் குடும்பங்கள் கற்றோரிலும் இல்லை, கல்லாதோரிலும் இல்லை. கள் இறக்கும் தொழிலாளியான கிருஷ்ணன்குட்டி என்னிடம், “அப்போ நான் படிச்சவனா, படிக்காதவனா, சாரே? அதுக்கும் ஒரு கமிஷன் வருமோ?” என்று கேட்டார். இத்தாலுகா தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று எல்லையை விசாரிக்கும் கமிஷனுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

5. உத்தரவின் இரண்டாம் காரணம், என் வகுப்பு எல்லைக் கிளர்ச்சியின் பாசறை என்பது. எல்லோருக்கும் ஏற்கெனவே தமிழ் வாசிக்கத் தெரியுமாயின், நான் தமிழ் கற்றுக்கொடுத்துக் கிளர்ச்சி மூட்டியது எவருக்கு? இரண்டு காரணங்களில் ஒன்றைத் தாங்கள் தேர்ந்துகொள்ள வேண்டுகிறேன்; இரண்டையும் ஒரே தாளில் வைத்திருப்பது அத்தாளுக்கே கஷ்டம். எனக்கு எல்லையைப் பற்றிக் கருத்து உண்டு. அதை வகுப்பில் சொல்ல நேரம் இருந்ததில்லை. பத்து மலையாளப் பாடப்புத்தகங்களும் கேட்டு எழுதியிருந்தேன். அவையும் வரவில்லை.

6. எங்களுக்குப் பதிலாக, நெய்யாற்றின்கரையில் தாலுகா கச்சேரிக்கு எதிரே மாலை ஆறு முதல் எட்டு வரை வகுப்பு திட்டமிடப்பட்டுள்ளது. குமாஸ்தாக்களுக்கு மிக வசதியான இடம். கிருஷ்ணன்குட்டியும் அவர் கூட்டாளிகளும் ஆறு மணிக்குத் தென்னையின் உச்சியில் இருப்பார்கள். ஆசிரியர் அங்கு ஏறிவருவாராயின் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இவ்வூருக்கு உகந்த நேரம் பிற்பகல் இரண்டு முதல் நான்கு என்பதைத் திட்டம் எழுதியவர் இங்கு எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

7. மேற்கூறிய சத்தியபாய் இவ்வூர் மருத்துவச்சி. வயது நாற்பத்தொன்று. தாய்க்குக் கொடுக்கும் மருந்துக்கு வெள்ளைத் தாள், கை கழுவும் மருந்துக்குச் சிவப்புத் தாள் என்று நிறத்தை வைத்தே புட்டிகளை அறிந்துவந்தார். சென்ற ஜூலையில் சிவப்புத் தாள் தீர்ந்துபோய் மருந்து கொடுப்போர் இரண்டிலும் வெள்ளையை ஒட்டிவிட்டனர். சத்தியபாய் கை கழுவும் மருந்தைத் தம்ளரில் ஊற்றிப் பிள்ளை பெற்றவளின் வாய்வரை கொண்டுபோனார். வாடை தட்டியதால் தம்ளரைத் தாமே தட்டிவிட்டார். மறுநாள் வகுப்புக்கு வந்து, “சாரே, அ, ஆ எல்லாம் பொறவு பாக்கலாம். வெஷம்னு எழுதியிருந்தா எப்படி இருக்கும்? அத மொதல்ல காட்டித் தாங்க” என்றார். அவர் தம் வாழ்நாளில் முதன்முதலாக வாசித்த சொல் அது. தங்கள் பாடப்புத்தகத்தில் அச்சொல் இல்லை.

8. அரசு நடத்தவிருக்கும் ஆறுமாத மருத்துவச்சிப் பயிற்சியில் சேராதவர், வரும் ஜூன் முதல் பிரசவம் பார்க்கக் கூடாது என்று விதி வந்துள்ளது. நல்ல விதி. பயிற்சியில் சேர, அங்கீகாரம் பெற்ற முதியோர் வகுப்பு தரும், வாசிக்கத் தெரியும் என்ற சான்று வேண்டும். கடைசி நாள் 4-4-1955. சத்தியபாய் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய வாரத்தில்தான் வகுப்பு மூடப்பட்டது. தங்கள் கணக்கில் கற்றவராக இருப்பதால் அவருக்கு வகுப்பு இல்லை; வகுப்பு இல்லாததால் சான்று இல்லை. அவர் விலகினால் அடுத்த மருத்துவச்சி ஆரியங்கோட்டில் இருக்கிறார். பிறக்கவிருக்கும் குழந்தைகள் அவர் வரும்வரை பொறுத்திருக்கும் என்று எழுதித்தரத் தங்கள் துறையில் எவரும் முன்வரமாட்டார் என்று நம்புகிறேன்.

9. முப்பத்தொருவரின் விண்ணப்பம் இத்துடன் உள்ளது. நான்கு பேர் கையெழுத்திட்டுள்ளனர். இருபத்தேழு பேர் பெருவிரல் ரேகை வைத்துள்ளனர். தங்கள் பட்டியல் உண்மையாயின், எழுதத் தெரிந்தவர்களைக் கைநாட்டு வைக்கச் செய்த குற்றத்துக்கு என்மேல் வழக்குத் தொடரலாம். பொய்யாயின், வகுப்புக்கு அங்கீகாரம் தர வேண்டும். இரண்டில் ஒன்றை மார்ச் 5-ஆம் தேதிக்குள் செய்தருளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

10. அனுமதியின்றியே சென்ற திங்கட்கிழமை முதல் என் மாட்டுத்தொழுவத்தில் வகுப்பைத் தொடங்கிவிட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். சத்தியபாய் நேற்று முன்தினம் ஒரு முழு வரி வாசித்தார். என்னைக் கைது செய்யப் போலீசை அனுப்புவதாயின், பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரையுள்ள நேரத்தைத் தவிர்க்க வேண்டுகிறேன்.

இடம்: கோணத்துவிளை
நாள்: 21-2-1955

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஈ. கனகதாஸ்

இணைப்பு: கையெழுத்து நான்கு, கைநாட்டு இருபத்தேழு.